மேட்ரனும் நாலு கோள்சொல்லிகளும்

ஏற்காட்டில் காட்டெருமைக்குப் பயப்படாத ஆட்கள் உண்டு. கொண்டை ஊசி வளைவில் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை வளைக்கிற பஸ் டிரைவருக்குப் பயப்படாதவர்களும் உண்டு. மேட்ரனுக்குப் பயப்படாத ஜீவன் அந்த மலையில் கிடையாது. காட்டெருமையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த அம்மாவுக்கு ஞானஸ்நானத்தில் ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். தெருவில் யாருக்கும் அது தெரியாது. ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஹாஸ்டலில் வாழ்நாள் முழுக்க மேட்ரனாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் முதல் பாதிரியார் வரை எல்லோருக்கும் மேட்ரன்தான். ஓய்வு பெற்ற அன்று சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்களாம். இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஹாஸ்டல் வராந்தாவில் தொங்கிய வெண்கல மணியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். தடுக்க யாருக்கும் வாய் வரவில்லை.

வங்கி வேலையில் மாற்றலாகி ஏற்காடு வந்த நான், கிளியூர் போகிற பாதையில் அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியேறினேன். என் ஜாதகம் அப்படி. காலை ஆறு மணிக்கு மணி அடிக்கும். அது பல் தேய்க்கிற மணி. ஹாஸ்டல் போய், பிள்ளைகள் போய், மணி மட்டும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன ஆனாலும் எழுந்திருப்பதில்லை என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தேன். மணி நிற்கவே இல்லை. நான் பிரஷ்ஷோடு வாசலுக்கு வந்து வாய் நிறைய நுரையைக் காட்டிய பிறகுதான் அவர் உள்ளே போனார்.

காட்டெருமை விவகாரமும் அதே மணிதான். அவருடைய சௌசௌ கொடியை மேய வந்த ஒன்றின் எதிரே போய் நின்று மணியை அடித்தார். அது அவரை மேலும் கீழும் பார்த்தது. வாயில் இருந்த சௌசௌவைக் கீழே போட்டது. வந்த வழியே போய்விட்டது. நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் ஒண்டிக்கடை பஸ் சந்திப்பில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

இப்பேர்ப்பட்ட அம்மாவைக் கண்காணிக்கத்தான் அவர் மகன் சாமுவேல் கேமரா வைத்தார்.

சாமுவேலுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. மேட்ரன் மழையில் பின்வாசல் படியில் வழுக்கி விழுந்துவிட்டு, வீங்கிய கையோடு யாரிடமும் மூச்சு விடாமல் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. அலறியடித்துக்கொண்டு வந்தார். வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கு வாருங்கள் என்று கெஞ்சினார், கோபித்தார், ஒரு வேளை பட்டினிகூடக் கிடந்தார். அம்மா அசையவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம். வீட்டைச் சுற்றி நாலு கேமரா ஓடும். அவை ஓடுகிற வரைக்கும் அம்மா ஏற்காட்டில் இருக்கலாம். நின்றால் சென்னை.

மேட்ரன் சம்மதித்தாரே தவிர, அடங்கினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். "ஒரு ஹாஸ்டலுக்கு ஒரு கோள்சொல்லி போதும் கண்ணு. எனக்கு நாலு வெச்சிருக்கறான்" என்று என்னிடம் சொன்னார். அன்று முதல் போர்தான். கேட் கேமரா எதிரே கொடி கட்டி ஈரப் போர்வையைக் காயப் போட்டார். சமையலறைக் கதவுக்கு மேலே இருந்த கேமராவுக்குக் குரங்குக் குல்லா மாட்டினார். ஒன்றுமே தெரியவில்லையே அம்மா என்று மகன் போன் செய்தால், ஒரே பதில்தான்: பனி மூட்டம். ஏப்ரல் வெயிலில் தெரு பளபளத்துக்கொண்டிருக்கும், மேட்ரன் வீட்டில் மட்டும் மூட்டம். சென்னையில் இருக்கிறவர் ஏற்காட்டு மூட்டத்தை என்ன கேள்வி கேட்க முடியும்?

அந்தக் கேமராக்களுக்கு வாயும் இருந்தது. சென்னையில் இருந்தபடியே சாமுவேல் அதில் பேசுவார். ஒருநாள் கேட்டுக்கு மேலிருந்து "குளுருது, மொதல்ல ஸ்வெட்டர் போடுங்க" என்று குரல் வந்தது. மேட்ரன் வீட்டுக்குள் இருந்தார். கேட்டில் நின்ற தபால்காரர் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார்.

இதில் சிரிக்க முடியாத சங்கதி ஒன்றும் உண்டு. முன்பெல்லாம் சாமுவேல் தினமும் போன் செய்வாராம். கேமரா வந்த பிறகு அது நின்றுவிட்டது. அதுதான் செல்போனில் பார்த்துவிடுகிறாரே, பிறகு எதற்குப் போன்? மூட்டம் என்றால் மட்டும் கூப்பிடுவார். மேட்ரன் இதைப் பற்றி ஒரே ஒருதடவைதான் வாயைத் திறந்தார், அதுவும் சௌசௌ நறுக்கிக்கொண்டே. "அவன் என்னையப் பாத்துக்கறான் சாமி. நான் அவனைப் பாக்கோணுமில்ல?" என்றார். போர்வை ஏன் தினமும் ஈரமாகவே இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. ஒரு சில்வர் ஓக் மரம் முறிந்து இன்டர்நெட் வயர் மேல் விழுந்தது. மழை விடட்டும் பார்க்கலாம் என்று கம்பெனிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஒண்டிக்கடையில் செல்போன் கடை வைத்திருக்கிற ரீசார்ஜ் பாய்தான் வேறு கம்பெனி இணைப்பும் புது வைஃபை பெட்டியும் கொண்டுவந்து மாட்டினார். பெட்டியில் அழகாகப் பச்சை விளக்கு எரிந்தது. நாலு கேமராவிலும் சிவப்பு விளக்கு.

"அதுங்களுக்குப் பழைய வைஃபை பேரும் பாஸ்வேர்டும்தானுங்க தெரியும். புதுசு யாருன்னே தெரியாதுங்க" என்றார் பாய்.

கோள்சொல்லிகள் செத்தார்கள், மேட்ரன் தெருவுக்கே கேக் வெட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அன்று மத்தியானம், நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது மணி அடித்தது. காட்டெருமைதான் என்று கம்போடு ஓடினேன். மேட்ரன் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார், முகம் வெளுத்திருந்தது. சாமுவேல் போன் செய்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் கேமரா ஓடவில்லை என்றால் காரோடு வருகிறேன், துணிமணியை எடுத்து வையுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

"இதுங்கள எழுப்பியாவோணும் கண்ணு. இல்லீன்னா என்னைய மூட்டை கட்டிருவான்" என்றார். எருமையை விரட்டிய மணியின் நாக்கைச் சத்தம் வராமல் கையால் பிடித்துக்கொண்டார். எனக்குச் சாமுவேல் மேல் கோபம் கோபமாக வந்தது.

பாய் ஒரு சுலப வழி சொன்னார். புதுப் பெட்டிக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் வைத்துவிட்டால், கேமராக்கள் பழைய ஆள்தான் என்று நம்பித் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பெயர் பாய்க்கு ஞாபகம் இருந்தது. பாஸ்வேர்ட் சாமுவேலுக்குத்தான் தெரியும். ஒரு போன் போட்டால் முடிந்தது வேலை. நான் போனைக் கையில் எடுத்தேன்.

"கேட்டா, பாத்தீங்களாம்மா, தனியா உங்களால ஆவறதில்லைன்னு சொல்லுவான். நான் கேக்க மாட்டேன். நீங்களும் கேக்கப்படாது" என்றார் மேட்ரன்.

ஆகவே ஊகித்தோம். சாமுவேல் பிறந்த தேதி, அவர் மனைவி பெயர், செத்துப்போன நாயின் பெயர். ஒவ்வொன்றையும் பெட்டிக்குப் பாஸ்வேர்டாக வைத்துவிட்டு, மூன்று பேரும் ஜன்னல் வழியாகக் கேட் கேமராவை எட்டிப் பார்ப்போம். சிவப்பு. பைபிள் சங்கீதத்தில் எந்த வசனம் அவனுக்குப் பிடிக்கும் என்று மேட்ரன் யோசிக்க ஆரம்பித்தபோது, தொழுகைக்கு நேரமாயிற்று என்று பாய் எழுந்துவிட்டார். போகிற போக்கில் எனக்கு இன்னொரு வழியைக் கற்றுக்கொடுத்தார். கேமராவின் பொத்தானை அழுத்திப் பழசையெல்லாம் மறக்க வைக்க வேண்டும். செல்போனில் ஒரு கட்டம் கட்டமான படம் வரும். அதைக் கேமராவின் கண்ணுக்கு நேரே காட்டினால் அது படித்துக்கொண்டு புது வைஃபையில் சேர்ந்துவிடும். அவ்வளவுதான் என்றார்.

அந்த வாரம் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. லுங்கியை மடித்துக் கட்டி ஏணியில் ஏறினேன். அன்று பார்த்து நிஜமாகவே மூட்டம். எப்பேர்ப்பட்ட மூட்டம் என்றால், ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மேட்ரனின் தலை எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும்தான் கீழேயிருந்து வந்தது. பொத்தானை அழுத்தியதும் கேமராவுக்குள்ளிருந்து ஒரு பெண் இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். "யாரு அவ?" என்று கீழேயிருந்து அதட்டல் வந்தது. செல்போனைக் காட்டினேன். கேமராவுக்கும் செல்போனுக்கும் நடுவே ஒரு முழம் வெள்ளை. செல்போன் முகமெல்லாம் நீர்த்துளி. மேட்ரன் அதை வாங்கி முந்தானையால் துடைத்துக் கொடுத்தார். துடைத்த துடைப்பில் என் மேனேஜருக்குப் போன் போய்விட்டது. மூட்டத்துக்குள்ளே அவர் ஹலோ ஹலோ என்று கத்த, மேட்ரன் "ஏனுங்க, இங்க வேலையா இருக்கறோம், அப்பறம் பேசுங்க" என்று வைத்துவிட்டார். அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வராததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம்.

மூட்டம் விடட்டும் என்று கீழே இறங்கினேன். மாதக்கணக்கில் மேட்ரனுக்காகப் பொய்ச் சாட்சி சொன்ன மூட்டம், காரியம் ஆகவேண்டிய நாளில் நிஜமாகவே வந்து உட்கார்ந்துகொண்டதே என்று நொந்துபோனேன். மேட்ரன் நோகவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேமராவை முறைத்தார்.

"மூட்டம் எறங்குனா ஹாஸ்டல்ல என்ன பண்ணுவோம்? புள்ளைங்கள உள்ளாற கூட்டிட்டு வந்துருவோம். கழட்டு."

நாலையும் கழற்றினேன். சமையலறை மேசை மேல் வரிசையாக உட்கார வைத்து, பிளக் பலகையிலிருந்து நாலுக்கும் கரண்ட் கொடுத்தோம். மேட்ரன் துண்டை எடுத்துவந்து, ஒவ்வொன்றின் தலையையும் நனைந்துவந்த பிள்ளையின் தலையைத் துவட்டுகிற மாதிரித் துவட்டினார். என்ன இருந்தாலும் கோள்சொல்லிகளும் ஹாஸ்டல் பிள்ளைகள்தானே. அடுப்புச் சூட்டில் காய்ந்த கேமராக்கள் என் செல்போனைச் சமத்தாகப் படித்தன. ஒன்று, இரண்டு என்று நீல விளக்கு எரிந்தது. நாலாவதும் எரிந்தபோது மேட்ரன் மணியை எடுத்து ஓங்கி ஓர் அடி அடித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாயங்காலம் அவற்றைப் பழைய இடங்களில் மாட்டிவிட்டு, சண்டையில் ஜெயித்தவனாக வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச் விட்டு மேட்ரன் வருகிற நேரத்துக்குச் சாமுவேலின் கார் வந்து நின்றது. நாங்கள் செய்திருந்த கூத்து அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாவற்றையும் என் செல்போனில் அல்லவா செய்திருக்கிறேன்? நாலு கேமராவும் இப்போது என் பெயருக்கு மாறி, என் செல்போனில்தான் தெரிந்தன. சாமுவேலின் செல்போனில் வெறும் கறுப்பு.

"கேமரா ஓடுதுடா. லைட்டு எரியுது பாரு" என்றார் மேட்ரன்.

"எனக்குத் தெரியலையேம்மா."

"உனக்குத் தெரியோணும்னா சொன்ன? ஓடோணும்னுதானே சொன்ன. ஓடுது."

சாமுவேல் என் பக்கம் திரும்பினார். அவரோடு பகிர்ந்துகொள்ள என் செல்போனில் ஒரு பொத்தான் இருந்தது. விரலைக் கொண்டுபோனேன். மேட்ரன் என்னைப் பார்த்தார். காட்டெருமை ஏன் சௌசௌவைக் கீழே போட்டது என்று எனக்குப் புரிந்தது. செல்போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். அடுத்த வீட்டில்தானே இருக்கிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன் சார் என்றேன்.

அப்புறம் நான் எப்படி உங்களைப் பார்ப்பது என்று சாமுவேல் அம்மாவிடம் கேட்டார். அவர் மேல் எனக்கிருந்த கோபமும் அத்தோடு போனது. நல்ல பிள்ளைதான், பயந்த பிள்ளை.

"சேலத்துல இருந்து பஸ்ஸு இருக்குது. போன் இருக்குது. எனக்கு வாய் இருக்குது, நொம்ப நல்லா பேசுவேன்" என்றார் மேட்ரன். "இந்த ஊட்டை உட்டு நான் வரமாட்டேன் சாமு. உழுந்தா இங்கயே உழுந்து இங்கயே எந்திரிப்பேன். நீ பாத்துட்டே இருக்காத. கூப்பிட்டுக் கேளு."

சாமுவேல் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிடும்போது அவரிடம் மெதுவாக அந்தப் பழைய பாஸ்வேர்ட் என்னவென்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒன்றில் ஆரம்பித்து எட்டு வரைக்கும் வரிசையான எண்கள். மேட்ரன் கரண்டியைக் கீழே வைத்தார். "இதுக்காடா உன்னைய அத்தனை தூரம் படிக்க வெச்சேன்" என்றார். சென்னைக்குக் கூட்டிப்போகிற பேச்சு அத்தோடு முடிந்தது. அம்மாவுக்காகக் காலியாக வைத்திருந்த பின்சீட்டில் ஒரு மூட்டை சௌசௌவை ஏற்றிக்கொண்டு சாமுவேல் மலை இறங்கினார். அன்று சாயங்காலமே போன் வந்தது. அடுத்த நாளும் வந்தது. தாமதமானால் மேட்ரனே கூப்பிட்டுப் போனில் மணி அடிப்பார்.

பிறகு எனக்குச் சேலத்துக்கே மாற்றலாகிவிட்டது. கிளம்புகிற அன்று, கேமராக்களைச் சாமுவேல் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்கு யாரும் வராமலா போவார்கள், அதுவும் இல்லாமல் மகன்தான் தினமும் பேசுகிறானே என்றார் மேட்ரன். "அது உங்கிட்டயே இருக்கட்டும் சாமி. நீ ஏழு மணி வரைக்கும் தூங்கற ஆளு" என்றார்.

தினமும் காலையில் செல்போன் உறுமும். கேட் அருகே ஆள் நடமாட்டம் என்று காட்டும். திறந்தால், ஸ்வெட்டரும் கையில் மணியுமாக மேட்ரன் கேமராவை நேராக முறைத்துக்கொண்டிருப்பார். இன்று செல்போன் உறுமவில்லை. நானே திறந்து பார்த்தேன். மலையில் நல்ல மூட்டம்போல, திரை முழுக்க வெள்ளை. ஆள் தெரியவில்லை. சத்தத்தைக் கூட்டி, செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளைக்குள்ளிருந்து மணி அடித்தது.

எழுந்து பல் தேய்க்கப் போனேன்.