புரட்டாசியில் வந்த பிரிட்ஜ்

முதல் தலைமுறையாகப் படித்தவனிடம் ஒரு வியாதி உண்டு. யாரும் கேட்காத கேள்விக்கும் முழு மதிப்பெண் வாங்குகிற மாதிரி விடை எழுதுவான்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை (தாண்டுவது இருக்கட்டும், அந்தப் பக்கம் போனதே இல்லை). நான் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, குளிர்சாதனப் பாடத்தில் நல்ல மார்க்கும் வாங்கி பாலசமுத்திரம் திரும்பியபோது, மின்விசிறி ஓடாவிட்டாலும் என்னைக் கூப்பிட்டார்கள், மாடு தீனி எடுக்காவிட்டாலும் என்னைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். மாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வயரிங் கோளாறு இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சித்தூரில் ரத்னம் அண்ணா ஒரு வண்டி வாங்கினார். சாதாரண வண்டி இல்லை. படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை, பிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி. திருமலைக்குப் போகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவது அவர் திட்டம். வண்டியின் மூன்று பக்கமும் மூன்று மொழியில் 'ப்யூர் வெஜ் கேரவன்' என்று பச்சைப் பெயின்டில் எழுதிவிட்டார். பிரிட்ஜ் மட்டும்தான் தகராறு. அதைச் சரிசெய்து முதல் சவாரி நல்லபடியாகப் போய் வந்தால், வண்டியைப் பார்த்துக்கொள்கிற நிரந்தர வேலை எனக்கு என்றார்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்கு 'வந்தால்' என்கிற வார்த்தை காதில் விழவில்லை. அன்று மாலையே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்: "எம் புள்ள கேரவன் கம்பெனில ஆபீசரு." (கம்பெனியின் மொத்த வண்டிகள்: ஒன்று.)

பழைய பிரிட்ஜ் கேஸில் ஓடுவது. அடியில் சின்னதாகத் தீ எரியும், மேலே குளிரும். நைனா குனிந்து பார்த்தார்.

"அடுப்பு மூட்டி ஐஸ் பண்றானா? இன்னாடா இது, எவன்டா இத கண்டுபுட்ச்சவன்?"

நான் அம்மோனியாவில் ஆரம்பித்து விளக்கினேன். முடித்தபோது நைனா பக்கத்து டீக்கடையில் இரண்டாவது டீயில் இருந்தார்.

அந்த பிரிட்ஜுக்கு இரண்டு குறை. வண்டி சாய்ந்து நின்றால் குளிராது. பெருமாளோ மலைமேல் இருக்கிறார். இரண்டாவது, கேஸ் சிலிண்டரோடு மலையடிவாரச் சோதனையைத் தாண்ட முடியுமா என்று ரத்னம் அண்ணாவுக்கு பயம். ஆகவே பேட்டரியிலேயே ஓடுகிற, எவ்வளவு குலுங்கினாலும் அசராத ஒரு பெட்டி வேண்டும். புதிது வாங்க அண்ணா தயாராக இல்லை. நான் மூன்று நாள் யோசித்தேன். இந்த நாட்டில் எந்தக் குளிர்ப்பெட்டி தினமும் மேடுபள்ளத்தில் அடிபட்டு, பேட்டரியிலேயே ஓடி, ஒருநாள்கூட லீவு எடுக்காமல் உழைக்கிறது?

மீன் வண்டியில் இருக்கிற பெட்டி.

இப்போதும் சொல்கிறேன், பொறியியல் ரீதியாக இந்த முடிவில் ஒரு தவறும் கிடையாது.

சூளூர்பேட்டையில் ஒரு மீன் வியாபாரியைப் பிடித்தேன். அது புரட்டாசி மாசம். அவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம தெலுங்கு ஆளுங்க இந்த மாசமும் மீன் துன்றாங்க தம்பி. ஆனா எஞ் சரக்கு போறது நகரி, புத்தூர், உங்க தமிழ் ஆளுங்க ஊருக்கு. அங்க பாதி ஜனம் நாமம் போட்டுக்கினு கோயிந்தா சொல்லிக்கினு கீது. பெட்டி சும்மாதான் கெடக்குது. நல்ல வெலைக்கு எட்த்துக்கினு போ."

நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, எத்தனை ஆம்பியர் இழுக்கும், எத்தனை நேரத்தில் உறையும் என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "நல்லா நிக்கும் தம்பி" என்றார். நானும் எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது அவராகவே ஒன்று சொன்னார்: "நல்லா கழுவிக்கோ." அதை மட்டும் எழுதவில்லை. தொழில்நுட்பத் தகவலாக எனக்குப் படவில்லை.

கழுவாமல் இல்லை. சோப்பு, எலுமிச்சை, மறுபடி சோப்பு. பிறகு நானும் நைனாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டிக்குள் ஏற்றினோம். பாதி வழியில் நைனா நின்றார். மூக்கு லேசாக விரிந்தது.

"குமாரு..."

"இன்னா நைனா?"

"ஒண்ணுமில்ல. தூக்கு." ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கோவிந்தா, கோவிந்தா."

எனக்கும் அதே மாதிரி இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அது விரதத்தின் மூன்றாவது வாரம். புரட்டாசி முழுக்க வீட்டுக்குள் மீனும் இல்லை, கறியும் இல்லை, முட்டைகூட இல்லை. ஆடி மாசம் வாரத்துக்கு நாலு நாள் மீன் தின்ற மூக்கு அது. மூன்று வாரம் பட்டினி போட்டால் காற்றில்கூட வஞ்சிரம் தெரியும். 'பெருமாள் சோதிக்கிறார்' என்று நினைத்து நானும் மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவரவர் பாவம் அவரவருக்கு என்று, அப்பனும் பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை.

பெட்டியை ஓடவிட்டதும் உறைந்தது. வாசனை போயே போய்விட்டது. பக்தி ஜெயித்தது என்று நினைத்தேன். குளிரில் வாசனை சாவதில்லை, தூங்குகிறது என்பது என் பாடப்புத்தகத்தில் இல்லை.

என் பங்குக்கு ஒரு மேம்பாடும் செய்தேன். பேட்டரி இறங்கினால் பிரிட்ஜைத் தானாக நிறுத்துகிற ஒரு கட்-ஆஃப். நின்றால் தானாக மறுபடி ஓடாது. பொறுப்பான ஒரு நபர் பார்த்து, பட்டனை அழுத்தினால்தான் ஓடும். அந்த நபருக்குத் தெரிவதற்காகச் சிவப்பு விளக்கும் வைத்தேன். வைத்த இடம் பிரிட்ஜுக்குப் பின்னால்.

முதல் சவாரி ஒரு சனிக்கிழமை. வேலூரிலிருந்து கோமதி மேடம், அவர் மகள், பெங்களூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை. மேடம் ஏற்கெனவே நாலு தடவை போன் செய்து 'ப்யூர் வெஜ்தானே' என்று உறுதி செய்திருந்தார். ரத்னம் அண்ணாதான் டிரைவர். நான் சித்தூரில் ஏறினேன். மொட்டை வேண்டுதல் இருக்கிறது என்று நைனாவும் ஏறி, முன்சீட்டில் கலெக்டர் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

மேடம் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இந்த வண்டியில எப்பவும் அசைவம் ஏத்தினதில்லையே?"

"வண்டியில ஏத்தினதே இல்ல மேடம்." (ஒவ்வொரு எழுத்தும் உண்மை.)

"நீங்கல்லாம்?"

"புரட்டாசி மேடம்."

"மத்த மாசம்?"

எனக்கு விடை தெரிந்தும் எழுதாமல் விட்ட ஒரே கேள்வி அது. மேடம் என்னையும் நைனாவையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தயிர்சாதத் தூக்கைத் தானே பிரிட்ஜில் வைத்தார். என்னைத் தொடவிடவில்லை.

காணிப்பாக்கத்தில் பிள்ளையாரைப் பார்க்க இறங்கினார்கள். வண்டி எஞ்சின் அணைந்திருந்தது. உள்ளே இரண்டு ஃபேன், நாலு போன் சார்ஜர், காபிக்காக மின்சாரக் கெட்டில். என் கட்-ஆஃப் தன் கடமையைக் கச்சிதமாகச் செய்தது. பிரிட்ஜ் நின்றது. சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. பார்த்தது சுவர் மட்டும்தான்.

அங்கிருந்து திருப்பதி வரை நல்ல வெயில். அலிபிரி சோதனைச் சாவடியில் நீண்ட வரிசை. மேடத்துக்குப் பசி. எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தார்.

சூளூர்பேட்டை மீன் ஏலம் மொத்தமும் வண்டிக்குள் ஏறி, ஆளுக்கொரு சீட் பிடித்து உட்கார்ந்தது.

எல்லோர் கையும் மூக்குக்குப் போனது. முன்சீட்டிலிருந்து நைனாவின் குரல் மட்டும் ஆனந்தமாக வந்தது.

"டேய் குமாரு! அப்போ நெஜமாவே வாசனதானா! எம் மனசு சுத்தமாதான் கீதுடா! நான் நாலு நாளா கன்னத்துல போட்டுக்கினு கீறேன்!"

அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. சோதனைக்காரர் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். வைத்த காலை எடுத்துவிட்டார்.

"ஏமண்டி, சேபலு தெச்சாரா?" மீன் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார்.

"லேது சார், லேது! ப்யூர் வெஜ் பண்டி!" என்று ரத்னம் அண்ணா வெளியே குதித்துப் பச்சை எழுத்தைக் காட்டினார்.

"போர்டு சூசானய்யா. நாக்கு முக்கு கூட உந்தி." போர்டைப் பார்த்துவிட்டாராம், அவருக்கு மூக்கும் இருக்கிறதாம்.

எல்லோரையும் இறக்கினார்கள். யாரும் சொல்லாமலே எல்லாக் கண்ணும் என் மேலும் நைனா மேலும் வந்து நின்றன. "நான் அப்பவே நெனச்சேன்" என்றார் மேடம். நைனாவின் சிரிப்பு நின்றுவிட்டது. தோளில் கிடந்த துண்டை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டார். ஊரில் பெரிய வீட்டு வாசலில் நிற்கும்போது அப்படித்தான் பிடிப்பார்.

முதலில் எங்கள் பையைத்தான் பிரித்தார்கள். ஒரு வேட்டி, ஒரு சட்டை, புளிசாதம். மீன் இல்லை. அடுத்து மேடத்தின் பெட்டி. விஷ்ணு படம், விளக்குத் திரி. கடைசியாக மாப்பிள்ளையின் தோள்பை. பேன்ட்டுக்குள் சுருட்டி, செய்தித்தாளில் பொதிந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஒரு பாட்டில். சோதனைக்காரர் லேபிளை உரக்கப் படித்தார்.

"ரொய்யல பச்சடி."

எறா ஊறுகாய். மேடத்துக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் லேபிளில் எறா படம் பெரிதாக இருந்தது.

"இது... ஆபீஸ் ஃப்ரெண்டுக்கு, அத்தை" என்றார் மாப்பிள்ளை. அவர் மனைவி வானத்தைப் பார்த்தார்.

சோதனைக்காரர் முகம் தெளிந்தது. வாசனை எங்கிருந்து என்று தெரிந்துவிட்டது, பாட்டிலை இங்கே வைத்துவிட்டுப் போகலாம் என்றார். அவ்வளவுதான். ரத்னம் அண்ணா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். வேலை கிடைத்துவிட்டது. நைனா துண்டை மறுபடி தோளில் போட்டார். நான் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: சும்மா இருப்பது.

நான் கையைத் தூக்கினேன். (ஆமாம், வகுப்பில் தூக்குகிற மாதிரியே.)

"சார், அந்த பாட்டில் சீல் பிரிக்கல சார். மூடி டைட்டா கீது. அதுலர்ந்து வாசன வர வாய்ப்பே இல்ல."

"டேய்" என்றார் நைனா.

"வாசன பிரிட்ஜுலர்ந்து வர்து சார். அது போன வாரம் வரைக்கும் மீன் வண்டில இருந்தது. மீன் தண்ணி உள்ஷீட்டுக்கும் வெளிஷீட்டுக்கும் நடுவுல எறங்கியிருக்கும். உறைஞ்சிருந்தா தெரியாது. கரண்டு நின்னதால உருகிட்சி. கரண்டு ஏன் நின்னுதுன்னா..."

கரண்டு ஏன் நின்றது என்பதையும் சொன்னேன். சிவப்பு விளக்கு இருக்கும் இடத்தையும் கூட்டிப்போய்க் காட்டினேன். அது அழகாக எரிந்துகொண்டிருந்தது.

சோதனைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சதுவுகுன்னாவா?" படித்தவனா என்று கேட்டார்.

"டிப்ளமோ சார்."

"அனுக்குன்னா" என்றார். நினைத்தாராம்.

இதனால் மாப்பிள்ளைக்கு ஏதாவது நன்மை உண்டா என்றால், இல்லை. பாட்டில் அவருடையதுதானே. அவர் தலையில் இருந்த பழி அங்கேயே இருந்தது. நான் இன்னொன்றைச் செய்து எங்கள் தலையில் வைத்துக்கொண்டேன். மேடம் தயிர்சாதத் தூக்கை விரல் நுனியால் எடுத்து ஓரமாக வைத்தார். மறுபடி தலைக்குக் குளிக்க வேண்டும் என்றார். மூன்று பேரும் பஸ்ஸில் மலையேறினார்கள். மாப்பிள்ளை கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

ரத்னம் அண்ணா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தோளில் கைபோட்டு நிதானமாகச் சொன்னார்: "ஒரே குமார், நுவ்வு சத்தியவந்துடுவி ரா. சத்தியவந்துடிகி நா தெக்கிர பனி லேது." உண்மை பேசுகிறவனுக்குக் கொடுக்க அவரிடம் வேலை இல்லையாம்.

நைனா படியேறி மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஊருக்குப் போனதும், "கேரவன் கம்பெனி ஆபீசர் வேலைய எம் புள்ள வாணாம்னுட்டான்" என்று அறிவித்தார். ஊர் அதையும் நம்பியது.

இதெல்லாம் நடந்து அஞ்சு வருஷம் ஆகிறது. ரத்னம் அண்ணா தன் வண்டியில் 'ப்யூர்' என்பதை மட்டும் அழித்துவிட்டார். 'வெஜ் கேரவன்' இன்னும் ஓடுகிறது. மாப்பிள்ளை எப்படியோ என் நம்பர் வாங்கி சம்பவம் நடந்த ஒரு வாரத்திலேயே பேசினார். மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன். அவர் கேட்டது, "தம்பி, அந்த பாட்டில அங்க திருப்பித் தருவாங்களா?"

நான் சித்தூரில் சின்னதாக பிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பழைய பெட்டி எது வந்தாலும் ஒருநாள் முழுக்க அணைத்து மூடி வைத்து, பிறகு மோந்து பார்த்த பின்தான் வெளியே போகும். புரட்டாசியில் மட்டும் என் மூக்கையும் நைனா மூக்கையும் நம்புவதில்லை. பக்கத்து பிரியாணிக் கடை பாயைக் கூப்பிடுவேன். பன்னிரண்டு மாசமும் நிலையாக இருக்கிற மூக்கு.

ஆனால் வீட்டில் மிஞ்சியது அது இல்லை. போன மாதம் நைனாவின் புது போன் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. வாங்கிக் கொடுத்தது அம்மா, ஒரு ஆட்டை விற்று. நைனா முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "ஆடு முட்டி தள்ளிட்சி" என்றார். அம்மாவும் நம்பி ஆட்டைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆடு கட்டியிருந்த கயிறு அவ்வளவு நீளம் கிடையாது.

"அம்மா, அந்த கயிறு..." என்று ஆரம்பித்தேன்.

நைனா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னா? மூடி டைட்டா இருந்திச்சா?"

அம்மா ஆட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.