ஜாடிக்குள் ஒரு ஜோடி ஷூ

மரத்தளத்தில் ஷூ கீச் கீச்சென்று கத்தியது. சத்தமில்லாமல் மனைவியைப் பின்தொடர வந்தவருக்கு இதைவிட வேறு கேடு வேண்டாம்.

முப்பது வருஷம் சரக்குக் கிடங்கில் கண்காணிப்பாளராக இருந்து, நாலு மாதம் முன்பு ஓய்வு பெற்றவர் அவர். வீட்டில் ஒரு தீக்குச்சி குறைந்தாலும் விசாரணை வைப்பார். அப்பேர்ப்பட்டவரின் மனைவி, "அக்கா வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டு ஆறு வாரமாக ஞாயிறுதோறும் கிளம்பிவிடுகிறாள். அக்காவோ, "அவளைப் பார்த்தே மாசக்கணக்காச்சே" என்கிறாள்!

இன்று பின்னாலேயே வந்தால், அவள் நுழைந்தது ஒரு பழைய பணக்காரரின் மாளிகை. இப்போது ஓவியக் காட்சியகம். காலண்டர் படத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காதவளுக்கு இங்கே என்ன வேலை? இருபத்தெட்டு வருஷக் குடும்பம் கையைவிட்டுப் போய்விடுமோ?

ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். காவலுக்கு இருந்த அம்மாள் முறைத்தார்.

"என்ன சார் அது கையில?"

"கொஞ்சம் காத்தாடட்டும்னு..."

"போட்டுக்கிட்டு நடங்க. இது உங்க வீடில்ல."

அந்த அம்மாள் திரும்பியதும், பக்கத்திலிருந்த பெரிய பீங்கான் ஜாடிக்குள் ஒவ்வொன்றாகப் போட்டார். சனியன் ஒழிந்தது.

அதற்குள் கூடத்தின் கோடியில் ஓர் அறைக்கதவு திறந்தது. கண்ணாடி போட்ட ஓர் ஆள் எட்டிப் பார்த்தான்.

"வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்."

மனைவி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சிரிப்புச் சத்தம். நாலு மாதமாக வீட்டில் கேட்காத சிரிப்பு!

அவருக்குத் தலைகால் புரியவில்லை. கதவுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். யாரும் உட்காராதபடி கயிறு கட்டி வைத்திருந்த பழைய வெல்வெட் நாற்காலியைக் கதவோரம் இழுத்துப்போட்டு ஏறினார்.

"அவருக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம்" என்றாள் மனைவி.

"அடுத்த மாசத்துலேர்ந்து கவலையே இல்லம்மா" என்றான் அவன்.

படக்! நாற்காலிக் கால் முறிந்தது.

விழுந்தவர் எழுந்து, ஷூவோடு ஓடிவிடலாமென்று ஜாடிக்குள் கையை விட்டார். ஷூ கிடைத்தது. கை வரவில்லை. ஷூவை விட்டால் கை வரும். ஆனால் கைக்கு வந்த பொருளை விட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

கதவு திறந்தது.

"என்னங்க! நீங்க எங்க இங்க?"

"அதை நான் கேக்கணும்! யாரு இந்த ஆளு?" ஜாடியோடு கர்ஜித்தார்.

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக்காரன் நாற்காலியைப் பார்த்தான், ஜாடியைப் பார்த்தான். ஓடிவந்த காவல்கார அம்மாள்தான் மூச்சிரைக்கச் சொன்னார்:

"அடுத்த மாசம் நான் வேலையை விடுறேன் சார், 'எங்க வீட்டுக்காரர் கண்ணுல மண்ணைத் தூவிட்டு ஒரு ஈகூட வெளிய போகாது'ன்னு, ஆறு வாரமா இந்தக் காவல் வேலையை உங்களுக்குத்தான் இந்த மேனேஜர்கிட்ட கேட்டுக்கிட்டிருக்காங்க உங்க வீட்டம்மா!"