ஒன்றாம் நம்பர் சைக்கிளுக்கு இளநீர்

தோற்பது இத்தனை சிரமமான காரியம் என்று சென்னியப்பனுக்கு அன்று காலை வரை தெரியாது.

பீளமேட்டில் அந்த ஜிம்மின் ஜன்னலோரம் மூன்று சைக்கிள்கள் நின்றன. எவ்வளவு மிதித்தாலும் எங்கேயும் போகாத சைக்கிள்கள். இருபது நிமிஷத்தில் எத்தனை கிலோமீட்டர் என்று முன்னாலிருக்கும் சின்னத் திரை காட்டும். அதை மாஸ்டர் எழில் சுவரிலிருக்கும் பலகையில் எழுதுவார். பெயர் எழுதினால் மனஸ்தாபம் வருகிறது என்று சைக்கிள் நம்பரை மட்டும்தான் எழுதுவார். இரண்டாம் நம்பர் சென்னியப்பனுடையது. பலகையில் அது முதலில் இல்லாத நாளில் அவருக்குக் காலை இட்லி இறங்காது.

"என்னாச்சுங்க சார்? நேத்து ஒம்போது கிலோமீட்டரு போனீங்க. இன்னைக்கு அஞ்சுக்கே தடுமாறுது. காய்ச்சலுங்களா?" என்றார் எழில்.

"மொல்லமாப் பேசுங்க மாஸ்டர்!" என்று பல்லைக் கடித்தார் சென்னியப்பன். கண் இடப்பக்கம் ஓடியது. அங்கே ஒன்றாம் நம்பர்க்காரர் நாலு கிலோமீட்டரிலேயே மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். இனி எப்படி இவரிடம் தோற்பது?

எல்லாம் தரகர் மயில்சாமி முந்தின நாள் கொண்டுவந்த ஜாதகத்தால் வந்தது.

சென்னியப்பனுக்கு ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. எதையும் அளந்து பார்த்து, அளந்ததில் ஜெயிக்காமல் விடமாட்டார். மகள் வர்ஷினிக்கு வந்த வரன்கள் எல்லாம் இதனால்தான் திரும்பிப் போயின. ஒரு இடத்தில் பையனின் அப்பா, "எங்க கெணத்து மோட்டாரு ஏழரை ஹெச்பிங்க" என்று சொல்லிவிட்டார். "அஞ்சுதானுங்க, வாங்க காட்டறேன்" என்று அவரைக் கிணற்றுக்கே இழுத்துப்போனார் சென்னியப்பன். மோட்டார் ஐந்துதான். வரனும் அதோடு போயிற்று.

இந்த முறை சசிதர் என்ற பையனின் போட்டோவை வர்ஷினி ஒரு தடவை பார்த்தாள். கொடுத்துவிட்டு, மறுபடி வாங்கிப் பார்த்தாள். அவள் எந்தப் போட்டோவையும் இரண்டு தடவை பார்த்ததில்லை.

"காங்கேயத்துல தேங்காயெண்ணெய் மில்லுங்க. பையனுக்கு இங்க வேலைங்கறதால ஒரு மாசமா இங்கயே ஊடு எடுத்து இருக்கறாங்க. அப்பா பேரு வெள்ளியங்கிரி. உங்க ஜிம்முலதான் காலைல சைக்கிள் மிதிக்கறாராமா" என்றார் மயில்சாமி. "ஆனா நீங்களாப் போயிப் பேசிப்போடாதீங்க. யாருகிட்டயும் விசாரிக்கவும் வேண்டாம். ஒரு நல்ல நாள்ல மொறையா வருவாங்க. அதுவரைக்கும் அவரு யாரோ, நீங்க யாரோ."

தரகர் படியிறங்கியதும் மனைவி புவனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"காதுல உழுந்துச்சுங்களா? அந்த மனுசனைத் தோக்கடிச்சுப்போட்டு ஊட்டுக்கு வந்தீங்கன்னா, சோறு ஜிம்முலயே கேட்டு வாங்கிக்குங்க."

சென்னியப்பன் முறையாக யோசித்தார். காலையில் சைக்கிள் மிதிப்பவர்கள் மூன்று பேர். தன்னைக் கழித்தால் இரண்டு. ஒன்றாம் நம்பர்க்காரருக்குப் பெரிய தொப்பை. அதன்மேல் வேறொரு பம்ப் கம்பெனியின் பெயர் போட்ட நீல பனியன். நாலடி தள்ளி நின்றாலே தேங்காயெண்ணெய் வாசம். மில்லுக்காரர்தான், சந்தேகமே இல்லை. தோட்டத்துக்கு மோட்டார் வாங்கும்போது சும்மா கொடுத்த பனியனாக இருக்கும்.

மூன்றாம் நம்பர், தோளில் பச்சைத் துண்டு போட்ட ஒல்லி ஆள். எண்ணெய் பட்டதற்கான அடையாளமே இல்லாத மனுஷன். வந்து சேர்ந்த நாளிலிருந்து சென்னியப்பனோடு போட்டி போடுகிறவர். "ஏனுங்க, உங்க சைக்கிளுக்கு எருமையப் பூட்டியிருக்குதுங்களா?" என்று கேட்டவர். சம்பந்தியாகப் போகிறவர் பேசுகிற பேச்சா அது?

ஆகவே ஒன்றாம் நம்பரிடம் தோற்க வேண்டும்.

எழில் காய்ச்சலா என்று கேட்ட அந்த முதல் நாள் மெதுவாக மிதித்துப் பார்த்தார். பச்சைத் துண்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, தூங்கறதுக்கு ஊட்டுல கட்டல் இல்லீங்களா?"

அவ்வளவுதான். சென்னியப்பனின் கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. சுதாரித்துப் பார்ப்பதற்குள் திரையில் எட்டு ஓடிவிட்டது. ஒன்றாம் நம்பர்க்காரர் நாலரையில் இறங்கி, "நமக்கெல்லாம் இது வராதுங்க" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து, பெடலைக் கனமாக்கும் லோடுத் திருகாணியை முழுக்க இறுக்கி வைத்து மிதித்தார். மேட்டில் மூட்டை வண்டி இழுப்பது மாதிரி இருந்தது. ஒரு வாரம் அப்படி இழுத்ததில் தொடை இரண்டும் இரும்பாகிவிட்டன. இப்போது அவர் நினைத்தாலும் எட்டுக்குக் கீழே போக முடியவில்லை.

சரி, நாம் இறங்க முடியாவிட்டால் அவரை ஏற்றிவிடுவோம் என்று, ஒன்றாம் நம்பர்க்காரர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவருடைய லோடுத் திருகாணியை முழுக்கத் தளர்த்திவைத்தார். அவர் வந்து ஒரு மிதி மிதித்தார். பெடல் ராட்டினம் போலச் சுற்றியது. ஒரு செருப்பு பறந்துபோய்ப் பலகையில் அடித்து அன்றைய கணக்கை அழித்தது. மனுஷன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ" என்று உட்கார்ந்துவிட்டார்.

சென்னியப்பன் பாய்ந்துபோய் அந்தக் காலை மடியில் வைத்து நீவினார்.

"நெம்ப வலிக்குதுங்களா?"

"போச்சாது உடுங்க. வயசாச்சுன்னா இப்படித்தானுங்க."

எவ்வளவு பெரிய மனசு! இப்படிப்பட்டவர் வீட்டில் வர்ஷினி மகாராணியாக இருப்பாள். மறுநாள் சென்னியப்பன் ஒரு இளநீர் வாங்கிக்கொண்டு போனார்.

ஒன்றாம் நம்பர்க்காரர் கையில் ஏற்கெனவே ஒரு இளநீர் இருந்தது.

"மூணாம் நம்பர்க்காரரு குடுத்தாருங்க. நெம்ப நல்ல மனுசன்" என்று உறிஞ்சினார்.

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். பச்சைத் துண்டுக்காரர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய கணக்கில் அவருடைய கிலோமீட்டர் திடீரென்று சரிந்திருந்தது. அந்த ஆளும் வேண்டுமென்றே தோற்கிறார்!

"புவனா, மோசம் போயிட்டோம்" என்றார் வீட்டுக்கு வந்து. "அந்தப் பச்சைத் துண்டுக்கும் ஊட்டுல ஒரு பொண்ணு இருக்குதாட்ட இருக்குது. நம்ம சம்பந்திக்கு எளநி வாங்கி ஊத்தறான்."

"நீங்க ரெண்டா வாங்கிக் குடுங்க" என்றாள் புவனா.

அதிலிருந்து ஒன்றாம் நம்பர்க்காரருக்குத் தினமும் இரண்டு பக்கமும் இளநீர். அவரும் யாருக்கும் மனக்குறை வைக்காமல் எல்லாவற்றையும் குடித்தார். குடித்த பாரத்தில் இன்னும் மெதுவாக மிதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஜிம்மில் பெரிய போட்டி. எழில் விசில் ஊதினார். ஒன்றாம் நம்பர் முக்கி முனகி நகர்ந்தது. சென்னியப்பன் இரும்புத் தொடைகளை ஒருவழியாக அடக்கி, பச்சைத் துண்டின் திரையைப் பார்த்தபடி வேகத்தைக் குறைத்தார். பச்சைத் துண்டு சென்னியப்பனின் திரையைப் பார்த்து அதைவிடக் குறைத்தார். கடைசி ஐந்து நிமிஷம் இரண்டு பேரும் சைக்கிள் மேல் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"ரெண்டு பேரு சைக்கிளும் ரிப்பேருங்களா?" என்று எழில் குனிந்து பார்த்தார்.

ஒன்றாம் நம்பர்க்காரர் நாலு கிலோமீட்டரில் ஜெயித்தார். கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண் கலங்கினார். அவர் ஆட்டோ ஏறிப் போகும்வரை இரண்டு பேரும் கை தட்டினார்கள். ஆட்டோ மறைந்ததும் திரும்பி முறைத்துக்கொண்டார்கள்.

"வேணும்னேதான தோத்தீங்க?" என்றார் சென்னியப்பன்.

"நீங்க மட்டும் என்னத்தைக் கிழிச்சீங்க?"

"எனக்கு ஒரு காரணம் இருக்குதுங்க."

"எனக்கும் இருக்குதுங்க."

"உங்க காரணம் நடக்காதுங்க. நான் எப்பவோ முந்திட்டேன்."

"நீங்க என்னைய முந்துனீங்களா? மூஞ்சியக் கண்ணாடில பாத்துட்டு வாங்க!"

கோபம் உச்சிக்கு ஏறியும் 'ங்க' மட்டும் இறங்கவில்லை. இரண்டு பேரும் உள்ளே போய்ச் சைக்கிளில் ஏறினார்கள். இரண்டு வாரமாக அடக்கிவைத்த கால்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பளு தூக்கிக்கொண்டிருந்தவர்கள் பளுவைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்று விசிலடித்தார்கள். பத்து கிலோமீட்டரைத் தாண்டிப்போய், ஒரு நூலிழையில் சென்னியப்பன் ஜெயித்தார்.

"இனி எருமையப் பத்திப் பேசுவீங்களா?" என்றார், வாய் நிறையச் சிரிப்போடு. பச்சைத் துண்டுக்காரர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அப்படியொரு இன்பமான காலை சென்னியப்பனுக்கு வாய்த்ததே இல்லை. சம்பந்தியிடம் தோற்றாயிற்று, எதிரியை ஜெயித்தாயிற்று. வீட்டுக்கு வந்தால் மயில்சாமியிடமிருந்து போன்.

"இன்னைக்குப் பொழுதோட வாராங்க. ஒறம்பரைக்குக் காப்பி பலகாரம் தயார் பண்ணி வைங்க."

புவனா கேசரி கிளறினாள். வர்ஷினி மூன்று புடவை மாற்றினாள். மாலை வாசலில் கார் வந்து நின்றது. சென்னியப்பன் கேட்டைத் திறந்து, தொப்பையைத் தேடினார்.

முதலில் மயில்சாமி இறங்கினார். பிறகு சசிதர். ஜன்னல் திரைக்குப் பின்னால் வர்ஷினியின் வளையல் குலுங்கியது. அடுத்து வெள்ளை வேட்டி சட்டையில் ஒல்லியாக ஒருவர் இறங்கினார். தோளில் துண்டு இல்லை. ஆனால் அந்த முகத்தைச் சென்னியப்பன் தூக்கத்திலும் அடையாளம் சொல்வார்.

"இவருதானுங்க பையனோட அப்பா, வெள்ளியங்கிரி. அய்யா, இவருதான் பொண்ணோட அப்பா, சென்னியப்பன்" என்றார் மயில்சாமி.

வெள்ளியங்கிரி அசையவில்லை. கூப்பப் போன நான்கு கைகளும் பாதியில் நின்றன. ஒன்றும் புரியாத புவனா, கணவனின் முதுகில் நறுக்கென்று கிள்ளினாள்.

கடைசியாகப் பழத்தட்டோடு காரிலிருந்து இறங்கினார் வெள்ளியங்கிரியின் மனைவி மாரியாத்தாள். சென்னியப்பனைத் தலை முதல் கால் வரை ஒரு முறை பார்த்துவிட்டு, கணவனிடம் திரும்பிக் கேட்டார்:

"ஏனுங்க, பொண்ணோட அப்பா பம்ப் கம்பெனி பனியன் போட்டுட்டு நெம்பக் குண்டா இருப்பாரு, தெனமும் எளநி வாங்கிக் குடுத்து அவருகிட்டத் தோத்துட்டு வாரேன்னு சொன்னீங்களே, அவரு எங்கீங்க?"