இடது பக்கத்து வால்வு

மலாக்கா மாநிலத்தில் உண்மையின் பொருட்டு மூன்று டெஸ்ட்டர்கள் வாங்கிய ஒரே மனிதர் புக்கிட் காத்தில் ஊர்க்காரர் ராமையாதான் என்பதைச் சரித்திரம் என்றேனும் ஒருநாள் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.

செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் எண்ணெயைச் சோதித்தவர் அவர். அதிகம் பேசமாட்டார். படிப்பார், யோசிப்பார், யோசித்ததை மறுபடி யோசிப்பார். "ஆழமான மனிதர்" என்று கோயில் கமிட்டியில் பெயர். கிணறு வற்றியிருந்தாலும் ஆழம் ஆழம்தானே.

அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு வால்வு ஆம்பிளிஃபையர் இருந்தது. கண்ணாடி வால்வுகள் செம்மஞ்சளாக ஒளிர, பாட்டு வெதுவெதுப்பாக வரும். மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் இடது ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக் கனத்த சத்தம் மங்கியது. ராமையா அரைமணி நேரம் மௌனம் காத்து, இடது பக்கத்து வால்வு தளர்ந்துவிட்டது என்று கண்டறிந்தார். அதை நிரூபிக்க ஒரு "நம்பகமான" டெஸ்ட்டர் மட்டுமே பாக்கி.

முதல் டெஸ்ட்டரில் வால்வைச் செருகினார். முள் பச்சைக் கட்டத்தில் போய் நின்றது: நல்லது. அன்று மாலையே அவசரக் கூட்டம் கூடியது. தலைமை: ராமையா. வருகையாளர்: ராமையா. "இக்கருவி மின்சாரம் ஓடுகிறதா என்று மட்டும் கேட்கிறது, வால்வு ஒழுங்காக உழைக்கிறதா என்று கேட்பதில்லை" என்ற கண்டனத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

இரண்டாவது, உழைப்பையே அளக்கும் பழைய ராணுவப் பெட்டி. தூக்கி வைத்ததில் மேசை முனகியது. அதுவும் நல்லது என்றது. வயதான கருவி, இரக்கம் காட்டுகிறது என்று தள்ளுபடி செய்யப்பட்டது. மூன்றாவது, கணினியில் கோடு வரைந்து காட்டும் நவீன ரகம். இடது வால்வு வலதைவிடச் சற்று மேல் என்று அது சொன்னபோது, "மனசாட்சி இல்லை" என்று ராமையா குறிப்பேட்டில் எழுதினார். நாம் முன்பே அறிந்ததைச் சொல்லாத கருவியை எப்படி நம்புவது?

செலண்டாரில் ரேடியோ கடை வைத்திருக்கும் காளிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, ரெண்டு வால்வயும் பக்கம் மாத்திப் போடுங்க. கொறையும் கூடவே போனா வால்வு கெட்டது. போவலன்னா நல்லது. ரெண்டு நிமிஷ வேல லா!"

"அது முறையான சோதனை இல்ல, காளி."

"ஏன் இல்ல?"

ராமையா யோசித்தார். வெளியே செம்பனைக் குலை ஏற்றிய இரண்டு லாரிகள் கடந்து போயின.

"அதுக்குக் கருவியே தேவைப்படலியே."

"அப்ப ஒங்க காதத்தான் டெஸ்ட் பண்ணணும், போங்க!"

கிண்டல்தான்; ஆனால் காதைச் சோதிக்கக் கருவி உண்டு என்பதால் ராமையா அதை ஏற்றுக்கொண்டார். காது கிளினிக்குக்கு மனைவி திலகாவும் கூடவே கிளம்பினார்.

திலகாவுக்கு இதில் தனி அக்கறை. இருபத்தாறு வருடமாக ஞாயிறுதோறும் லூபோக் சீனாவில் இருக்கும் திலகாவின் தங்கை வீட்டுக்குக் காரில் போகிறார்கள். ராமையா ஓட்டுவார். இடது சீட்டில் திலகா பேசுவார். ராமையா "ம்" என்பார். தம் சிந்தனைக்கு உரமிட்ட நெடிய மௌனங்கள் என்று அப்பயணங்களை அவர் கருதினார்.

கிளினிக் நாற்காலியில் திலகா மெல்லச் சொன்னார்: "ஒங்க இடது காது கெட்டிருக்கணும்னு வேண்டிட்டு வந்திருக்கேன்."

"என்ன பேச்சு இது?"

"கெட்டிருந்தா இருபத்தாறு வருஷத்தயும் மன்னிச்சிருவேன். காதுல மெசின மாட்டிவிட்டு மொதல்லேர்ந்து சொல்லுவேன். நல்லா இருந்துச்சுன்னாதாங்க எனக்குப் பயமா இருக்கு."

காது சோதித்த தேவிஸ்ரீ என்ற பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். "சூப்பர் அங்கிள்! இடது காது வலத விட ஒரு படி மேல."

"ஒங்க மெசின் நம்பகமானதா மா?"

"போன மாசந்தான் செக் பண்ணாங்க, அங்கிள்."

திரும்பும் வழியில் திலகா வாய் திறக்கவில்லை. நான்கு சமிக்ஞை விளக்குகள் தாண்டின. பிறருடைய மௌனம் இவ்வளவு இரைச்சலாக இருக்கும் என்று ராமையா எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

"ஏன் பேசாம வர்ற?"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே சீட்ல ஒக்காந்துதான் சொன்னேன். ஸ்பீக்கர் பின்னாடி ஓட்டையில எலி பூருது, ஒங்க பழைய கைலியச் சுருட்டி அடைச்சிருக்கேன், பாட்டு போடுறப்ப ஞாபகமா எடுத்துருங்கன்னு. 'ம்'னீங்க."

"எந்த ஸ்பீக்கரு?"

"இடது."

வீட்டுக்கு வந்ததும் ராமையா கைலியை உருவினார். பாட்டைப் போட்டதும் மிருதங்கத்தின் தொப்பி இடிபோல் முழங்கியது. வால்வு நல்லது. மூன்று டெஸ்ட்டர்களும் நல்லவை. காதும் நல்லது. அவர் கண்ணை மூடி, ஆழமானார்.

இடது பக்கம் வந்து உட்கார்ந்த திலகா, கைலியை மடியில் வைத்துக்கொண்டு சாதாரணக் குரலில் கேட்டார்:

"இத மறுபடியும் அடைச்சிரட்டுமாங்க?"

"ம்" என்றார் ராமையா.

திலகா தலையாட்டிக்கொண்டார். மூன்று வருடமாக அந்த வீடு தேடிய முடிவு அன்றுதான் வந்தது: இடது பக்கம் கெட்டுப்போயிருக்கிறது. சொன்ன டெஸ்ட்டர் நம்பகமானது. இருபத்தாறு வருடமாக உபயோகத்தில் இருப்பது.