முகம் பார்த்து உட்கார்ந்திருப்பவர்

படம் பார்க்கிறவர்களை நீங்கள் அறிவீர்கள். படம் பார்க்கிறவரின் முகத்தைப் பார்க்கிற இனம் ஒன்று இருக்கிறதே, அதை? அதையும் அறிவீர்கள். உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும். தனக்குப் பிடித்த ஒன்றை உங்கள் முன்னால் ஓடவிட்டு, "நீங்க பாருங்க, நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்று சொல்லும். சும்மா உட்காராது. சிரிப்பு வரப்போகிற இடத்துக்கு அரை நிமிடம் முன்பே அதற்குப் புருவம் ஏறும், உதடு பிரியும், மூச்சு நிற்கும்; புதுக் குழம்பு வைத்தவர் முதல் கவளம் உள்ளே போவதை எட்டிப் பார்ப்பதுபோல உங்கள் கன்னத்தையே எட்டிப் பார்க்கும். சிரித்தால் பிழைத்தீர்கள். சிரிக்காவிட்டால் பின்னுக்கு ஓட்டி மறுபடியும் போடும்.

இந்த இனத்தில் தேறிய உருப்படி ஒன்று திருப்பதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறது. பெயர் ஹேமநாத், ஊர் புத்தூர்ப் பக்கம். எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் எந்த வரியில் கண்ணைச் சுருக்குகிறார்கள் என்று பார்ப்பதற்குச் சம்பளம். கடை சாத்திய பிறகும் அதே வேலைதான். சம்பளம் மட்டும் கிடையாது.

அவன் எல்லோருக்கும் போட்டுக்காட்டுவது ஒரு ஜப்பானிய அனிமே தொடர். பன்னிரண்டு எபிசோடு. ஒரு நெட்டைப் பெண், ஒரு குட்டைப் பையன், ஒரே வகுப்பு. பையன் காதலைச் சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் மணி அடிக்கிறது, தும்மல் வருகிறது, யாரோ எறிந்த பந்து தலையில் விழுகிறது. எட்டு எபிசோடு இப்படியே போகிறது. ஒன்பதாவதில் வானம் கீழே இறங்கத் தொடங்குகிறது. தினம் ஒரு சாண். முதலில் மலை உச்சி மறைகிறது, அப்புறம் செல்போன் டவர், அப்புறம் பள்ளிக்கூடத்து மொட்டைமாடி. அரைப் பரீட்சையை மட்டும் யாரும் தள்ளிவைக்கவில்லை. உலகம் அழிவதற்குள் பையன் சொல்லிவிடுவானா என்பதுதான் மிச்சக் கதை.

அறைத்தோழன் தியோடர் சித்தூர்க்காரன். ஐந்து முறை பார்த்துவிட்டான். விரும்பிப் பார்த்தது எத்தனை என்று கேட்காதீர்கள்.

"டேய், சர்ச்சுல பிரசங்கம் நீண்டுச்சுன்னா ஜெபம் பண்றாப்புல கண்ண மூடிக்கலாம். உங்கிட்ட அதுக்கும் வழி இல்லியேடா!"

கடைசியில் தியோடர் வழி கண்டுபிடித்தான். பன்னிரண்டாவது எபிசோடில் உரிய இடம் வந்ததும் "ச்ச்ச்... ஐயோ" என்று மூக்கை உறிஞ்சுவான். ஹேமநாத் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவான்.

அப்பா நாகேந்திரனிடம் இந்தத் தொடர் எடுபடவில்லை. மாந்தோப்புக்காரர், ஒன்பதாவது எபிசோடோடு எழுந்துவிட்டார்.

"வானம் எறங்கறது கண்ணுக்குத் தெரியுதில்ல? அப்பறம் இன்னாத்துக்குடா அந்தப் பொண்ணு டிபன் பாக்ஸ் கட்டிக்கினு ஸ்கூலுக்குப் போவுது?"

"அதான் நைனா கதையே."

"கதை இல்லடா, கொழுப்பு."

போகட்டும், அப்பா முகம் அப்பா முகம்தான், மாற்ற முடியாது. ஆனால் இனிமேல் வரப்போகிற முகம்? புத்தலப்பட்டில் ஒரு பெண்ணைப் பார்த்திருந்தார்கள். தாட்சாயணி, மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை. இரண்டு வீட்டுக்கும் சம்மதம். ஹேமநாத்துக்கு அவளை ரொம்பவே பிடித்துவிட்டது, அதனால்தான் பயம். பன்னிரண்டாவது எபிசோடில் இந்த முகம் அசையாமல் இருந்துவிட்டால்? அசையாத முகத்தோடு ஓர் ஆயுள் முழுக்கக் காப்பி குடிப்பது எப்படி?

ஆகவே வீடியோ காலில் பதினொரு எபிசோடு நடந்தது. அவள் டி.வி.யைப் பார்த்தாள், அவன் செல்போனில் அவளைப் பார்த்தான். சரியான இடங்களில் சிரித்தாள். பத்தாவதில் "அடடா" என்றாள். அந்த 'அடடா'வை அவன் ஒரு வாரம் மனத்துக்குள் வைத்துக் கொஞ்சினான்.

"இன்னாடா சொல்ற? நாள் குறிக்கட்டுமா, வேணாவா?" என்று நாகேந்திரன் போனில் கேட்டார்.

"இன்னும் ஒரு எபிசோடு பாக்கி நைனா."

"எதுல?"

"பொண்ணு பாக்கறதுல."

மறுமுனையில் மாந்தோப்புக் காக்கை கத்தியது. அதைவிடச் சத்தமாக அவர் கத்தினார்: "ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள சொல்லிடு. சொல்லலன்னா நானே வேணாம்னு சொல்லிடுவேன். அவங்க வூட்ல பொண்ண வச்சிக்கினு உன் சீரியல் முடியட்டும்னு காத்துக்கினு கீறாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹேமநாத் பஸ் ஏறிப் புத்தலப்பட்டுக்குப் போனான். பன்னிரண்டாவதை நேரில்தான் பார்க்க வேண்டும். வீடியோ காலில் கண்ணீர் சரியாகத் தெரியாது. செல்போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தார்கள். துணைக்குத் தாட்சாயணியின் அண்ணன் சுரேஷ்பாபு வறுத்த வேர்க்கடலையோடு நடுவில் வந்து உட்கார்ந்தான். ஹேமநாத் சற்றே பின்னால் நகர்ந்து, அண்ணனைத் தாண்டி அவள் முகம் தெரிகிற கோணத்தைப் பிடித்துக்கொண்டான்.

வானம் இறங்கியது. ஊரே குனிந்து நடந்தது, பிறகு முட்டிபோட்டது, பிறகு தவழ்ந்தது. நெட்டைப் பெண்ணும் குட்டைப் பையனும் வகுப்பறைத் தரையில் மல்லாந்து படுத்தார்கள். படுத்தபின் யார் உயரம், யார் குட்டை? பையன் வாயைத் திறந்தான். மணி அடிக்கவில்லை, மணி அடிக்கிறவரும் படுத்திருந்தார். இதோ, இந்த இடம்தான். ஹேமநாத்துக்குப் புருவம் ஏறிவிட்டது.

தாட்சாயணி திரும்பி அவனைப் பார்த்தாள்.

"படம் அந்தாண்ட ஓடுது. என் மூஞ்சில இன்னா ஓடுது?"

"இல்ல... இந்த எடத்துல எல்லாரும் அழுவாங்க."

"நீங்க அழுவலியே?"

"நான் எத்தினி தடவை பாத்துட்டேன்!"

"எங்க பாத்தீங்க? பதினோரு எபிசோடும் என்னையத்தான் பாத்தீங்க. எங்க, இப்ப நீங்க பாருங்க. நான் சும்மா உக்காந்திருக்கேன்."

காட்சியைப் பின்னுக்கு ஓட்டினாள். கன்னத்தில் கை வைத்து, புருவத்தை ஏற்றி, அவன் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் அதுவரை உள்ளேயிருந்துதான் அறிவான். வெளியே இருந்து வாங்கியது இதுதான் முதல்முறை. பையன் மறுபடியும் வாயைத் திறந்தான். ஹேமநாத்துக்குள் எதுவுமே வரவில்லை. காது சூடானது. வியர்த்தது. பொழுது வேறு சாய்ந்துகொண்டிருந்தது. என்ன செய்வான், பாவம்? அவன் வாயிலிருந்து தானாக வந்தது:

"ச்ச்ச்... ஐயோ."

தாட்சாயணி சிரித்துவிட்டாள். "நல்லா நடிக்கிறீங்க. பத்தாவதுல நான் அடடான்னு சொன்னேன் பாருங்க, அதுவும் இதே மாதிரிதான். நீங்க அவ்ளோ ஆசையா காத்துக்கினு இருந்தீங்க. பாவமா இருந்திச்சி."

ஒரு வாரம் கொஞ்சிய 'அடடா' கண்ணெதிரே செத்து விழுந்தது. அதன் பின்னாலேயே தியோடரின் 'ஐயோ'க்களும் வரிசையாக விழுந்தன.

அப்போது நடுவிலிருந்து ஒரு தேம்பல் கேட்டது. சுரேஷ்பாபு. வேர்க்கடலை அப்படியே இருந்தது, சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"பாவம் மாப்ளே அந்தப் பையன்! இன்னும் கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

அந்த வீட்டில் படம் பார்த்த ஒரே ஆள். அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

"கேட்டீங்களா எங்கண்ணன் சொல்றத?" என்றாள் தாட்சாயணி. முகத்தில் சிரிப்பு போயிருந்தது. "நான் அழுவல. இன்னா பண்ணப் போறீங்க?"

ஹேமநாத் போனைச் சொம்பிலிருந்து எடுத்தான். கதை முடிவதற்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. நிறுத்திவிட்டு அப்பாவைக் கூப்பிட்டான்.

"நைனா, நாள் குறிக்கச் சொல்லு."

"பொண்ணு அழுவுதா?"

"இல்ல நைனா. அவங்கண்ணன் அழுவறாரு."

"அவரு எதுக்குடா அழுவறாரு?" என்று நாகேந்திரன் பதறினார்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். எங்காவது சிரித்திருந்தால் நல்லது, சிரிக்காவிட்டாலும் பாதகமில்லை, இங்கே யாரும் உங்கள் கன்னத்தை எட்டிப் பார்க்கவில்லை. ஒன்றே ஒன்று. இதை இப்போது வீட்டில் யாரிடமாவது நீட்டி, "படிச்சுப் பாரேன், நமக்குத் தெரிஞ்ச ஆள் மாதிரியே ஒருத்தன்" என்று சொல்லப் போகிறீர்கள். அவர்கள் படிக்கும்போது, எதிரே தண்ணீர் குடிக்கிற சாக்கில் நிற்பீர்கள். நில்லுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? டம்ளரில் தண்ணீராவது இருக்கட்டும்.