கர்னலின் பாலைவனம்

சொந்தத் தொழில் தொடங்குகிறவர்கள் இரண்டு வகை. தெரிந்த தொழிலில் இறங்கித் தோற்பவர்கள், தெரியாத தொழிலில் இறங்கித் தோற்பவர்கள். நான் தெரிந்த பொருளோடு தெரியாத தொழிலில் இறங்கினேன். (திருப்பூரில் இதற்குத் தனிப் பெயர் கிடையாது. "அவங்களுக்கு நேரம் செரியில்லீங்க" என்று முடித்துவிடுவார்கள்.)

தொழில் இதுதான். பிளாஸ்டிக்கில் குட்டி ராணுவ டாங்கிகளை ஒட்டி, வண்ணமடித்து, கண்ணாடி அலமாரியில் வைத்து ரசிக்கிற பெரிய மனிதர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அசலை முப்பத்தைந்து மடங்கு சுருக்கினால் வரும் அளவு. வெறும் பலகையில் டாங்கி நின்றால் அவர்களுக்கு மனம் ஆறாது. சுற்றிலும் மண், இடிந்த சுவர், மணல் மூட்டை என்று ஒரு போர்க்களமே வேண்டும். அதற்கு டயோரமா என்று பெயர். என் தம்பி சரவணன் அந்தக் கூட்டத்தில் ஒருவன். வாரம் முழுக்க பிரிண்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர், ஞாயிற்றுக்கிழமைகளில் படைத்தளபதி.

நான் அப்போது திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் பிரிவில் தையல் வேலை பார்த்தேன். குட்டி மணல் மூட்டைகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருக்கிறது என்று தம்பி புலம்பவும், கட்டிங் வேஸ்ட்டில் நகக்கண் அளவுக்குச் சில மூட்டைகள் தைத்துக் கொடுத்தேன். அவன் படம் எடுத்துத் தங்கள் குழுவில் போட்டான். ஏழெட்டுப் பேர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். நான் வேலையை விட்டுவிட்டேன். (ஆமாங்க, அந்த ஏழெட்டுப் பேரை நம்பித்தான்.)

என் கணவர் தங்கவேல் அதிகம் பேசமாட்டார்.

"மூட்டை தைக்கறதுக்கா வேலைய உட்டுட்டே அம்மிணி?"

"சின்ன மூட்டைங்க," என்றேன்.

"அது செரி," என்று சாப்பிடப் போய்விட்டார்.

முதல் பெரிய வாடிக்கையாளர், கோவையில் இருந்த ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர். இளவயதில் ராஜஸ்தான் பக்கம் தான் பணியாற்றிய டாங்கியையே செய்துகொண்டிருந்தார். உடனிருந்த வீரர்களின் முகங்களைக்கூட, மீசை உட்பட, பூதக்கண்ணாடி வைத்து வரைந்திருந்தார். அவர்களில் உயிரோடு இருப்பவர்களைக் கோவையில் நடக்கும் டயோரமா கண்காட்சிக்கு வரவழைத்துக் காட்டப்போகிறாராம். மூட்டைகளை வாங்கிக்கொண்டவர் இன்னொன்றும் கேட்டார்.

"அந்த மண்ணுல நடந்தா காலடியில சின்னச் சின்னக் கல்லு உருளும்மா. செம்பழுப்பா, உருண்டையா, ஒரே அளவா. அது கிடைக்குமா?"

"கிடைக்குங்க சார்," என்றேன். தொழில் தொடங்கியவர்கள் முதலில் கற்கும் வாக்கியம் அது.

நான் சலிக்காத மணல் இல்லை. எல்லாம் கூர்கூராக, முப்பத்தைந்து மடங்கு பெருக்கினால் பாறை போல இருந்தது. சலித்துச் சலித்து வீடு முழுக்கத் தூசியானதுதான் மிச்சம். அந்த நிலையில்தான் ஒரு காலை சமையலறையில் ராகி டப்பாவைத் திறந்தேன். செம்பழுப்பு. உருண்டை. ஒரே அளவு. மருதமலை முருகனே அனுப்பிய சரக்கு என்று நினைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் மகளுக்குக் கூழ் காய்ச்ச, அதே டப்பாவிலிருந்து ராகியை எடுத்து ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைக்கவைத்து, காயவைத்து மாவாக்குகிறவள் நான்தான். ராகி முளைக்கும் என்பது எனக்குத் தெரியும். அது தாயாகத் தெரியும். தொழிலதிபராகத் தெரியவில்லை.

மணலோடு கலந்து, பாக்கெட் போட்டு, 'உயர்தரப் பாலைவனச் சரளை' என்று சீட்டு ஒட்டி அனுப்பினேன். கர்னல் போன் செய்தார். "அப்படியே அந்தக் கல்லும்மா. எங்கே பிடிச்சே?"

"தொழில் ரகசியங்க சார்."

அவர் முறையானவர். களிமண்ணும் பசையும் குழைத்துக் கனமாகப் பூசி, சரளையை அதில் அழுத்தி, தண்ணீர் தெளித்து, வெடிப்பு விடாமல் மெதுவாகக் காயட்டும் என்று பால் நிறப் பிளாஸ்டிக் தாளால் மூடியிருக்கிறார். ஒரு விவசாயி நாற்றங்காலுக்கு இதைவிட அக்கறையாகச் செய்ய முடியாது. பிறகு இரண்டு வாரம் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பியவர், மூடிய தாளோடு பெட்டியை நேராகக் கண்காட்சிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நாங்களும் குடும்பமாகப் போயிருந்தோம். மூலனூரில் முருங்கைத் தோட்டம் வைத்திருக்கும் என் மாமனாரும், கண் பரிசோதனைக்குக் கோவை வந்த கையோடு சேர்ந்துகொண்டார். கர்னலின் பழைய நண்பர்கள், நரைத்த மீசையும் நிமிர்ந்த முதுகுமாக, மேசையைச் சுற்றி நின்றார்கள். அவர் தாளை எடுத்தார்.

பாலைவனம் பச்சைப்பசேல் என்று இருந்தது. டாங்கியின் சக்கரங்களைக் காணவில்லை. வீரர்கள் இடுப்பளவு பயிருக்குள் நின்றார்கள். ஒருவர் மட்டும் டாங்கியின் மேலிருந்து, பைனாகுலரில், வயலை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாம இருந்தப்போ அங்கே இவ்வளவு பச்சை இல்லையே," என்றார் ஒரு நண்பர்.

கர்னல் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா இது?"

"ராகிங்க சார்."

"ராகின்னா, சாப்பிடுற ராகியா?"

"ஆமாங்க சார். வேற ராகி இல்லீங்க."

அவர் கையிலிருந்த தாளை நாலாக மடித்து மேசையில் வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குள் என் மாமனார் குனிந்து, புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பயிரை ஆராய்ந்தார்.

"நல்லா சீரா வந்துருக்குதுங்க. என்ன, வெதைய கொஞ்சம் நெருக்கிப் போட்டுட்டீங்க. கலைச்சு உட்டாத்தான் கதிர் புடிக்கும்."

பதறிப்போன சரவணன் இடுக்கியால் ஒரு பயிரைப் பிடுங்கினான். வேரோடு ஒரு வீரரும் வந்துவிட்டார். மீசைக்காரர். நண்பர்களில் ஒருவரின் கை தன்னையறியாமல் தன் மீசைக்குப் போனது.

கர்னல் அந்த வீரரை வாங்கி, காலில் சுற்றிய வேரை விரலால் மெல்லப் பிரித்து, பழைய இடத்திலேயே ஊன்றினார். "விடுப்பா. ஆளைத் தனியா விட்டுட்டு வர்ற பழக்கம் எங்களுக்கு இல்லை," என்றார். மீசைக்கார நண்பர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், கடைசியாகக் கர்னலும். நான் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது.

அன்று அதிகக் கூட்டம் அந்த மேசைக்குத்தான். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா கர்னலிடம், "கொலுவுக்கு நாங்களும் இப்படித்தான் பார்க் வைப்போங்க. நாங்க கடுகு போடுவோம்," என்றார். கர்னல் நன்றி சொன்னார்.

அந்தப் பாலைவனத்தை அவர் மறுபடி முதலிலிருந்து செய்தார். சரளை என்னிடமே வாங்கினார். இப்போது நான் ராகியை நன்றாக வறுத்துத்தான் அனுப்புகிறேன். தொழில் நடக்கிறது. பாக்கெட்டைத் திறந்தால் வாசனையில் பசிக்கிறது என்று மட்டும் ஒரு வாடிக்கையாளர் எழுதியிருந்தார்.

சொந்தக்காரர்கள் கல்யாணங்களில் என் மாமனார் இன்றும் என்னை இப்படித்தான் அறிமுகம் செய்கிறார்: "எங்க மருமவங்க. டாங்கிய நிறுத்தி ராகி வெளைய வெச்சவங்க."

என்ன, ஏது என்று ஒருவரும் கேட்பதில்லை. போன மாதம் தாராபுரத்துப் பந்தியில் ஒரு பெரியவர் மட்டும் இலையிலிருந்து தலை தூக்கி, மெய்யான அக்கறையோடு கேட்டார்:

"ஏக்கருக்கு எத்தனை மூட்டைங்க கண்டுது?"