முதுகுப் படம்

யார் மனசும் நோகாமல் குறை சொல்லப் பழகுவது என்று வீரணன் சபதம் எடுத்தார். அவருக்கு அது மலையைப் புரட்டுகிற வேலை.

வாரத்தில் ஆறு நாள் ஆரப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை. ஞாயிறு வந்தால் கழுத்தில் கேமரா. அவரைப் போலப் பொழுதுபோக்காகப் படமெடுக்கும் இருபது பேர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். எடுத்தவர் பேர் இல்லாமல் படம் வரும். மற்றவர்கள் நிறைகுறை சொல்ல வேண்டும். வீரணன் கண்ணில் நிறை படவே படாது.

போன மாசம் தெப்பக்குளத்து மண்டபம் லேசாகச் சாய்ந்திருந்த படம் ஒன்று வந்தது. "சாஞ்சது மண்டபமா, எடுத்த ஆளா?" என்று எழுதிவிட்டார். எடுத்தவர் பவதாரிணி டீச்சர். அதோடு படம் அனுப்புவதையே நிறுத்திவிட்டார்.

குழுவை நடத்தும் சூரியபிரகாஷ் போன் போட்டான். "அண்ணே, டீச்சர் கேமராவ விக்கப் போறாங்களாம். இனிமே மொதல்ல நல்லதச் சொல்லுங்க. அப்புறம் குறை. அப்புறம் அதச் சரிபண்ண வழி."

வீட்டிலேயே பழகிப் பார்த்தார். "மீனா, குழம்பு நல்ல நிறம். புளிதான் தூக்கல். கொஞ்சம் குறைச்சா அமிர்தம்."

"வழியெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீகளே! நாளைக்கு நீங்களே வச்சிருங்க," என்றாள் அவர் மனைவி முத்துமீனா.

வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழுவில் ஒரு படம் வந்தது. வண்டியூர்த் தெப்பக்குளம். வீரணன் நிதானமாகத் தட்டினார்: "தண்ணியில வெயில் தங்கமா மின்னுது, அருமை. ஆனா குறுக்க ஒருத்தர் தலையில துண்டப் போட்டுக்கிட்டு அரிசி மூட்டை மாதிரி உக்காந்திருக்காரு. அவர வெட்டி எடுத்துட்டா படம் எங்கயோ போயிரும்."

தன் பக்குவத்தைத் தானே மெச்சிக்கொண்டார். குழுவில் ஒவ்வொன்றாகச் சிரிப்புப் பொம்மைகள் வந்தன.

"அண்ணே," என்று எழுதினான் சூரியபிரகாஷ், "மூட்டைக்குப் பக்கத்துல ஒரு பை இருக்கு. பெருசாக்கிப் பாருங்க."

பெருசாக்கினார். மஞ்சள் பை. அதில் 'வீரணன் ஜெராக்ஸ்'.

"எவன்டா என் முதுக எடுத்தது?"

"நாந்தேன்," என்றாள் முத்துமீனா, பூண்டு உரித்தபடியே.

"நீ எப்பக் குழுவுக்குள்ள வந்த?"

"டீச்சர்கிட்ட உங்களுக்காக மன்னிப்புக் கேக்கப் போனேன். அவங்கதான் சேத்து விட்டாங்க."

"சரி, இத எப்ப எடுத்த?"

"போன வாரம் கண்ணாடிய மறந்துட்டுப் போனீக. குடுத்துட்டு வரலாம்னு வந்தேன். ரெண்டு தடவ கூப்பிட்டேன், காதுல விழல. சின்னப்பிள்ளையாட்டம் அம்புட்டுச் சந்தோசமா தண்ணியையே பாத்துக்கிட்டு இருந்தீக. கலைக்க மனசு வரல. போன்ல எடுத்துக்கிட்டுத் திரும்பிட்டேன்."

வீரணன் தான் எடுத்த படங்களை நினைத்துப் பார்த்தார். கொக்கை எடுத்தார், கோபுரத்தை எடுத்தார், கரும்புச்சாறு வண்டியைக்கூட எடுத்தார். பதினெட்டு வருசத்தில் இவளை ஒரு படம் எடுத்ததில்லை.

மெதுவாகத் தட்டினார்: "யாரையும் வெட்ட வேணாம். டீச்சர், தப்பு எம்மேலதான். மன்னிச்சு, மறுபடி படம் அனுப்புங்க."

அடுத்த ஞாயிறு டீச்சர் கேமராவோடு தெப்பக்குளத்துக்கு வந்தார். முத்துமீனாவும் வந்தாள். எல்லாரும் சேர்ந்து வீரணனைப் படியில் தண்ணீரைப் பார்க்க உட்காரவைத்து, பின்னால் வரிசை கட்டி நின்றார்கள். மனைவியை ஒரு படமாவது எடுத்துவிடும் ஆசையில் அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

"அட, அங்கிட்டே பாருங்க!" என்றாள் முத்துமீனா. "உங்களுக்கு முதுகுதேன் லட்சணம்!"